அம்மனுக்கும் பத்தியம் உண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதம். உங்கள் தெருமுனை ஒலிபெருக்கியில் இந்நேரம் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். நான் பேச வந்திருப்பதும் அவளைப் பற்றித்தான்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது என் தம்பிக்குச் சின்னம்மை போட்டது. அவனுக்கு ஐந்து வயது. அன்றோடு அப்பாயி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "தாயே, ஒரு வாய் இளநீர் குடிம்மா" என்று அந்தப் பொடிப்பயலிடம் கெஞ்சுவார். அவன் எரிச்சலில் டம்ளரைத் தட்டிவிடுவான். வேறு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அந்த நாட்களில் மட்டும், "ஏதும் குத்தம் இருந்தா மன்னிச்சுக்க ஆத்தா" என்று அப்பாயிதான் கன்னத்தில் போட்டுக்கொள்வார். எனக்கு ஒரே பொறாமை.

வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியாயிற்று. அடுப்படியில் தாளிப்பு கிடையாது, வறுக்கும் சத்தம் கிடையாது. வெளியூரிலிருந்து யாரும் வரக்கூடாது. ஊரில் விசாரிப்பவர்களும் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்கமாட்டார்கள். "அம்மா இறங்கிட்டாளா?" என்பார்கள். கொப்புளத்துக்குக் கொப்புளம் என்று பெயரில்லை, முத்து. ராத்திரியில் யாராவது உட்கார்ந்து மாரியம்மன் தாலாட்டு படிப்பார்கள். தாலாட்டு யாருக்கு? பாயில் கிடக்கும் பிள்ளைக்கா, அவன் உடம்பில் வந்து தங்கியிருக்கும் தாய்க்கா? அந்த வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இரண்டு பேரும் அப்போது ஒருவர்தான்.

கிராமத்து அம்மன் என்றதும் படித்தவர்கள் எழுதுவதெல்லாம் கோபம், உக்கிரம், ரத்தம். கும்பிடாவிட்டால் நோய் தருவாள், அதனால் பயந்து கும்பிடுகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. பயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவளுக்கு நாம் என்னென்ன கொடுக்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இளநீர், பானகம், நீர்மோர், கேப்பைக் கூழ், துள்ளுமாவு, எலுமிச்சை, மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. இதைப் படையல் பட்டியல் என்று சொல்வதைவிட ஒரு நோயாளிக்கு எழுதிக் கொடுத்த பத்தியம் என்றே சொல்லலாம்.

ஆடிக் கூழுக்குச் சொல்லப்படும் கதையும் அப்படித்தான் போகிறது. மாரியம்மன் ஆனவள் என்று சொல்லப்படும் ரேணுகையைப் பலருக்கும் தெரியும். ஜமதக்னியின் மனைவி, பரசுராமனின் தாய். பச்சை மண்ணில் குடம் வனைந்து ஆற்று நீர் மொண்டு வருவாள். மனம் சற்றே அலைந்த ஒரு நாள் குடம் கரைந்துபோயிற்று. கணவன் சொல்லி மகனே அவள் தலையை வெட்டினான். இந்தக் கதையை வைத்துத்தான் குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மனின் சிரசை ஊர்வலமாகக் கொண்டுவந்து உடலில் பொருத்துகிறார்கள். ஆனால் கூழ்க் கதை, அவள் மீண்டும் உயிர்பெற்று எழுந்ததற்குப் பிந்திய கதை. கணவனைப் பறிகொடுத்த ரேணுகை தீயில் இறங்குகிறாள். இந்திரன் மழையைக் கொட்டித் தீயை அணைக்கிறான். உயிர் தப்பியது, உடம்பெல்லாம் தீக்கொப்புளம். உடுத்த துணி இல்லாமல் வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் குடிசைகளுக்குப் போய்ப் பசிக்கிறது என்கிறாள். அவர்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுக்கிறார்கள்.

கொப்புளம், வேப்பிலை, இளநீர். அப்பாயி தம்பியிடம் ஏன் அப்படிக் கெஞ்சினார் என்று எனக்குப் புரிந்தது இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான். அம்மையைத் தருபவளும் அவள்தான், முதன்முதலில் அம்மை கண்டவளும் அவள்தான். மாரி என்றால் மழை. அவள் இறங்கிய தீயை அணைத்ததும் மழைதானே.

திருச்சிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமயபுரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து பங்குனி கடைசி ஞாயிறு வரை 28 நாள் பச்சைப் பட்டினி. பட்டினி கிடப்பது பக்தர்கள் அல்ல, அம்மனே. சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டும்தான். உலகத்து மக்கள் நோயில்லாமல் இருக்க அவள் விரதம் இருக்கிறாள் என்பது ஐதீகம். துள்ளுமாவு என்பது என்ன? பச்சரிசி மாவில் வெல்லம் சேர்த்தது. குடிசையில் ரேணுகைக்குக் கொடுத்த அதே மாவு.

தஞ்சாவூர்ப் பக்கம் புன்னைநல்லூரில் மூலவர் புற்றுமண்ணால் ஆனவர். அதனால் அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான். வெயில் காலத்தில் அம்மன் முகத்தில் முத்து முத்தாக வியர்க்கும் என்பார்கள். முத்துமாரி என்று பெயர் வந்ததே அதனால்தான் என்றும் சொல்வார்கள். வியர்க்கிறவளுக்கு என்ன செய்வது? தொட்டிகளில் தண்ணீரை நிரப்பிச் சுற்றிக் குளிர்ச்சி பண்ணுவார்கள். காய்ச்சல்காரர் படுத்திருக்கும் அறையில் நாம் செய்வது போலவேதான். தெற்கே குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன். முத்தை ஆற்றுபவள் என்று ஊர்க்காரர்கள் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள்.

சரி, இதெல்லாம் எத்தனை காலத்துப் பழக்கம்? சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையைப் பாருங்கள். மதுரை எரிந்தபிறகு பாண்டிய நாட்டுக்கு நேர்ந்ததை இளங்கோ சொல்கிறார்: "மழைவறங் கூர்ந்து வறுமை யெய்தி வெப்புநோயுங் குருவுந் தொடர." மழை இல்லை, காய்ச்சலும் கொப்புளமும். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் நங்கைக்குச் சாந்தி செய்த பிறகுதான் மழை பெய்தது, நோய் நீங்கியது. அந்தச் சாந்திக்கு ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்றான் என்பதும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. அதை விழுங்கிவிட்டு நல்லதை மட்டும் சொல்லிப் போவது நியாயமில்லை. நம் ஊர்க் கொடைகளில் கிடாவெட்டும் உண்டு, அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தியும் உண்டு. நான் குளிர்த்திப் பக்கம் நின்று பேசுகிறேன், அவ்வளவுதான்.

அதே கட்டுரையில் இலங்கை மன்னன் கயவாகு கண்ணகிக்கு விழா எடுத்ததாக வருகிறது. எந்த மாதம் தெரியுமா? ஆடித் திங்கள். குளிர்த்தி என்ற சொல்லையும் நான் இலங்கையிலிருந்துதான் எடுத்தேன். மட்டக்களப்பில் கண்ணகி அம்மன் சடங்கு வைகாசியில் நடக்கும். கதவு திறப்பதில் தொடங்கி, நாள்தோறும் கண்ணகி கதையான வழக்குரை படித்து, கடைசியில் குளிர்த்திப் பாடலோடு முடியும். மதுரையை எரித்துவிட்டு அந்தச் சூட்டோடு வந்தவளைத் தண்ணீர் தெளித்துப் பாடிப் பாடி ஆற்றுகிறார்கள். முல்லைத்தீவு வற்றாப்பளையில் சொல்லும் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வருகிறாள். பசி என்கிறாள். பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றதும், கடல் தண்ணீரை ஊற்றி ஏற்றுங்கள் என்கிறாள், எரிகிறது. அப்புறம், தலை அரிக்கிறது, பேன் பாருங்கள் பிள்ளைகளே என்கிறாள். முடியை விலக்கிப் பார்த்தால் தலையெல்லாம் கண்கள். இன்றும் அங்கே பொங்கலுக்குக் கடல்நீரில்தான் விளக்கு எரிக்கிறார்கள். பாருங்கள், இங்கேயும் அவள் பசியோடு வந்த ஒருத்தி.

வடக்கே போனாலும் இதே சூடும் குளிரும்தான். அங்கே அம்மைத் தெய்வத்தின் பெயரே சீதளா, குளிர்ந்தவள். கழுதை வாகனம், கையில் துடைப்பமும் தண்ணீர்க் கலயமும், தலையில் முறம். ராஜஸ்தானில் ஹோலி கழிந்த எட்டாம் நாள் அவளுக்கு. அன்று வீட்டில் அடுப்பே மூட்டமாட்டார்கள். முதல் நாள் சமைத்து ஆறிப்போனதைத்தான் அவளுக்கும் படைப்பார்கள், தாங்களும் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் தாளிப்பு நின்றது, அங்கே ஒரு நாள் அடுப்பே நின்றுவிடுகிறது.

கொங்கு நாட்டில் கம்பம் நடுவார்கள். மூன்று கவை உள்ள மரக்கம்பம், அதுதான் அம்மனுக்குக் கணவன். விழா முடியும்வரை பெண்கள் விடிகாலையில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றுவார்கள். கரூரில் வைகாசியில் அந்தக் கம்பத்தை எடுத்து அமராவதி ஆற்றில் விடும் நாளுக்கு ஊரே திரண்டுவிடும். கணவனை ஆற்றில் விட்டுவிட்டு அவள் தனியே கோயிலுக்குத் திரும்புகிறாள் என்று நினைத்துப் பார்த்தால் மனம் என்னவோ செய்கிறது. ஆனால் அன்று ஆற்றங்கரையில் யாரும் அழுது நான் பார்த்ததில்லை. வாணவேடிக்கைக்கு இடம்பிடிக்கும் அவசரம்தான்.

பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது 1975இல். 1980இல் உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதைச் செய்தது தடுப்பூசி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊசிக்கும் ஊர் வைத்த பெயர் அம்மை குத்துவது. நோய் போயும் சமயபுரத்தில் கூட்டம் குறையவில்லை. புதுக் கொள்ளைநோய் வந்தால் அதன் பெயரையும் அவள் தலையில் வைத்துவிடுவார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயிலே இருக்கிறது.

தம்பி கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். முத்து வாடியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று மூன்று தண்ணீர். மூன்றாம் தண்ணீர் அன்று வாசல் வேப்பிலையை எடுத்தாயிற்று. அடுப்படியில் கடுகு வெடித்தது. சாயங்காலம் பழைய நினைப்பில் பயல் டம்ளரைத் தட்டிவிட்டான். அப்பாயி அவனை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முதுகில் ஒன்று வைத்தார்.

வணக்கம்.