இது எந்தப் பிரிவு, ரீச்சர்?

(வளர்ந்துவரும் கலைஞர்களுக்கும் பரிசோதனைக் கலைக்குமான சர்வதேச விழா ஒன்றை யாழ்ப்பாணத்தில் நடத்தலாமா என்று யோசிக்கக் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியது. தடுமாறிய இடங்களை எழுதும்போது திருத்தியிருக்கிறேன். மற்றபடி பேசியபடியே.)

அவைக்கு வணக்கம்.

பொன்னாடை வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தேன். சரி, போர்த்திவிட்டார்கள். இந்த வெக்கையில் அதை மேசையில் மடித்து வைத்துவிட்டுப் பேசுகிறேன், குறை நினைக்காதீர்கள்.

அழைப்பிதழில் இருந்த தலைப்பை வீட்டில் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "பரிசோதனை இடையூடகக் கலை, வளர்ந்துவரும் கலைஞர், சர்வதேச விழா." அவள் கேட்டாள்: "அக்கா, இதிலே எந்தச் சொல்லைப் பற்றி நீ பேசப்போறாய்?" நியாயமான கேள்வி. 'சர்வதேச' என்பதைப் பற்றிப் பேச வெளிநாடு போய்வந்தவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்த எனக்கு 'வளர்ந்துவரும்' என்ற சொல்தான் சரி. ஆனால் அதற்குப் போக முதல் இந்த 'இடையூடகம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உடைக்க வேண்டும். ஒரு பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

என் மாணவி ஒருத்தி, பெயர் வேண்டாம், சில வருசங்களுக்கு முன் ஒரு போட்டிக்குப் பனையோலைப் பெட்டி ஒன்றைச் செய்து கொண்டுவந்தாள். பெட்டியை அவளே இழைத்திருந்தாள், அவ்வளவு நேர்த்தியில்லை, ஒரு மூலை சரிந்திருந்தது. உள்ளே கீறல் விழுந்த பழைய கைப்பேசி ஒன்று. அதில் அவளுடைய அம்மம்மாவின் குரல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. மூடியிருக்கும்போது பெட்டிக்குள் யாரோ முணுமுணுக்கிற மாதிரி இருக்கும். மூடியைத் திறந்தால் குரல் தெளிவாக வரும்: முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூ எப்போது போடவேண்டும், இலையை ஏன் கனநேரம் அடுப்பில் விடக்கூடாது. நடுவிலே கிழவி வறையை மறந்துவிட்டு, வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளில் அடுப்பில் என்ன இருந்தது என்று சொல்லத் தொடங்குவார். பிறகு தானாகவே வறைக்குத் திரும்பிவிடுவார். மூடியின் உட்பக்கம் முழுக்க, கரியால், அந்தக் குசினியின் படம்.

நடுவர் நல்ல மனிதர். மூடியை இரண்டு தரம் திறந்து மூடினார். பிறகு விண்ணப்பப் படிவத்தை எடுத்து என்னிடம் கேட்டார்: "இது எந்தப் பிரிவு, ரீச்சர்?" படிவத்தில் சித்திரம், கைப்பணி, நாடகம் என்று கட்டங்கள் இருந்தன. எந்தக் கட்டத்திலும் புள்ளடி போட முடியவில்லை. மத்தியானத்துக்குள் கைப்பேசியின் பற்றரியும் இறங்கிவிட்டது. மூன்றாம் இடம்கூட இல்லை.

அந்தக் கட்டங்களுக்கு நடுவில் விழுந்து கிடக்கிற இடத்துக்குத்தான் 1966 இல் டிக் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் 'இன்டர்மீடியா' என்று பெயர் வைத்தார். ஃப்ளக்சஸ் என்று சொல்லப்படும் கலைஞர் கூட்டத்தைச் சேர்ந்தவர், சொந்தமாக ஒரு பதிப்பகமும் நடத்தியவர். சொல்லைத் தான் கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. கவிஞர் கோல்ரிட்ஜ் 1812 இலேயே கிட்டத்தட்ட இதே சொல்லைப் பாவித்திருக்கிறார் என்று அவரே எழுதினார். அவர் பிரித்துக் காட்டிய ஒரு வேறுபாடு எனக்குப் பிடிக்கும். பாட்டும் நடனமும் காட்சியும் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது பல்லூடகம். அங்கே எது பாட்டு, எது காட்சி என்று பிரித்துச் சொல்லலாம். பிரிக்க முடியாதபடி ஒன்றுக்குள் ஒன்று உருகிவிட்டால் அது இடையூடகம். அம்மம்மாவின் பெட்டியிலிருந்து குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சரிந்த மூலையுள்ள ஒரு பெட்டிதான்.

இதையெல்லாம் வெள்ளைக்காரனின் விளையாட்டு என்று நினைப்பவர்கள் இந்தச் சபையில் இருக்கலாம். அவர்களுக்குப் பட்டத்தைச் சொல்கிறேன்.

தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போகாதவர்கள் இங்கே குறைவு. பட்டத்தின் தலையில் கட்டுகிற, காற்றில் கூவும் 'விண்' என்ற வில்லை நான் சின்ன வயதில் கிட்டப் பார்த்திருக்கிறேன். அண்ணா மூங்கில் சலாகையை வில்லாக வளைப்பார். அதில் நாரை இழுத்துக் கட்டுவார். பிறகு பார்சல் கட்டுகிற பிளாஸ்ரிக் நாடா வந்ததும் நார் போய்விட்டது. நாடாவைக் கத்தியால் வழித்து வழித்து மெல்லிசாக்கி, வில்லைத் தலைக்கு மேலே சுழற்றிப் பார்ப்பார். சத்தம் பிடிக்காவிட்டால் இன்னும் ஒருமுறை வழிப்பார். கூடுதலாக வழித்தால் அறுந்துவிடும். அப்புறம் முதலிலிருந்து. பட்டத்தை நூலோடு இணைக்கிற முச்சையைக் கட்டுவது இன்னொரு வித்தை. அது ஒரு விரல் பிசகினாலும் பட்டம் குத்திக்கொண்டு வந்து வேலியில் விழும். பொம்பிளைப் பிள்ளை என்று எனக்கு நூல்கட்டையைப் பிடிக்க மட்டும்தான் விட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, அது வேறு கதை.

இரவில் பட்டத்தை மாமரத்தில் கட்டிவிட்டுப் படுப்போம். விண் இரவு முழுக்கக் கூவும். அப்பா நித்திரையில்லாமல் திட்டுவார். ஆனால் சத்தம் தணிந்தால் முதலில் எழும்புகிறவரும் அப்பாதான். காற்று விழுகிறது, பட்டம் இறங்கப்போகிறது என்று அண்ணாவைத் தட்டி எழுப்புவார். பிற்காலத்தில் பற்றரியும் சின்ன லைற்றுகளும் பட்டத்தில் ஏறின. இப்போது சொல்லுங்கள், இது சிற்பமா, இசைக்கருவியா, ஒளிக்காட்சியா, காற்றளக்கும் கருவியா? அந்தப் படிவத்தைக் கொடுத்தால் அண்ணா எந்தக் கட்டத்தில் புள்ளடி போட்டிருப்பார்?

1990க்குப் பிறகு கரண்ட் இல்லாமல் இருந்த வருசங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் களைக்கும். இதையும் கலை என்று சொல்லப் பலர் ஆசைப்படுகிறார்கள். நான் சொல்லமாட்டேன். அது முடை. கஷ்டத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஒரு பொருளை அதன் வேலையிலிருந்து கழற்றி இன்னொரு வேலைக்குக் கொடுக்கத் தெரிந்த கைகள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் நமக்கு இல்லாதது எது? இங்கேதான் 'வளர்ந்துவரும்' வருகிறது.

எங்களிடம் அரங்கேற்றம் இருக்கிறது. பிள்ளை பத்து வருசம் படிக்கும். குரு சரியென்ற பிறகு, மண்டபம் எடுத்து, மலர் அடித்து, பிரதம விருந்தினரைக் கூப்பிட்டு, முதன்முதலாக மேடை ஏறும். முதல் தடவையே பிழைக்கக் கூடாது. அந்த ஒழுங்கில் பெரிய அழகு இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. அடுத்தது போட்டி: தமிழ்த்தினம், முதலாம் இடம், இரண்டாம் இடம், சான்றிதழ். இந்த இரண்டு வாசலுக்கும் வெளியே, "நான் ஒன்றைச் செய்து பார்த்தேன், இன்னும் சரிவரவில்லை, வந்து பாருங்கள்" என்று ஒரு பிள்ளை சொல்வதற்கு யாழ்ப்பாணத்தில் எந்த இடம் இருக்கிறது? நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

உலகத்தில் இந்தக் கலை எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் பாதி சரிவராமல்தான் பிறந்திருக்கிறது. 1966 ஒக்ரோபரில் நியூயோர்க்கில் ஒரு பழைய படைக் கட்டடத்தில் ஒன்பது இரவுகள் ஒரு நிகழ்வு நடந்தது. பில் க்ளூவர் என்ற பொறியியலாளரும் ரொபேர்ட் ரௌஷன்பேர்க் என்ற ஓவியரும் சேர்ந்து தொடக்கியது. பத்துக் கலைஞர்கள், பெல் என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலிருந்து முப்பது பொறியியலாளர்கள் அளவில். ரௌஷன்பேர்க் செய்ததைக் கேளுங்கள். மண்டபத்துக்குள் ஒரு ரெனிஸ் ஆட்டம். மட்டையின் பிடிக்குள் ஒலிபரப்பும் சின்னக் கருவி. பந்து மட்டையில் பட்டவுடன் மண்டபம் முழுக்க மணி அடித்த மாதிரி ஓசை. ஒவ்வொரு அடிக்கும் கூரையில் ஒரு லைற் அணையும். கடைசி லைற்றும் அணைந்தால் ஆட்டம் முடிந்தது. பிறகு அந்தக் கும்மிருட்டில் சுமார் ஐந்நூறு பேர் மெதுவாக நடந்து வந்து நிற்கிறார்கள். அகச்சிவப்புக் கமரா அவர்களைப் பிடித்துத் திரையில் காட்டுகிறது. பார்வையாளருக்கு நேரே ஆட்கள் நிற்கிறார்கள், ஆனால் திரையில்தான் தெரிகிறார்கள். இருட்டில் ஆட்கள் நிற்பதையும் கமரா பார்ப்பதையும் இந்த ஊர் வேறுவிதமாக அறியும். அதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்த ஒன்பது இரவுகளிலும் கருவிகள் மக்கர் பண்ணின, நீண்ட தாமதங்கள், பத்திரிகை விமர்சகர்கள் காய்ச்சி எடுத்தார்கள். ஆனால் கலைஞரையும் பொறியியலாளரையும் சேர்த்து வைக்கும் அமைப்பு ஒன்று அந்தக் குழப்பத்திலிருந்தே உருவானது. அதற்கு மூன்று வருசம் முன்னால், 1963 இல், ஜேர்மனியின் வுப்பர்ட்டால் நகரில் நாம் ஜூன் பைக் என்ற கொரியக் கலைஞர் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் குடைந்து மாற்றி வைத்த கண்காட்சி. அதில் ஒரு பெட்டி பழுது. படம் முழுக்கச் சுருங்கி நடுவில் ஒரு கோடாகிவிட்டது. அவர் அதைத் திருத்தவில்லை. பெட்டியைச் சரித்து நிமிர்த்தி, கோட்டைச் செங்குத்தாக்கி, அப்படியே காட்சிக்கு வைத்தார். எங்களிடம் என்றால் அந்தப் பெட்டி கஸ்தூரியார் வீதியில் ஒரு கடைக்குத் திருத்தப் போயிருக்கும்.

எங்கள் ஊரிலும் முடிவுறாததைத் துணிந்து வைத்தவர் இருக்கிறார். பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு படிப்பிக்கும் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் போய், விட்டு வந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து கீறித் தரச் சொன்னார். 2011 இல் அது நூலாக வந்தது. மக்கள் கீறிய கோணல் வரைபடம், கட்டடக்கலைஞர் அதை ஒழுங்காக்கிய வரைபடம், பிறகு ஓவியரின் சித்திரம், அவர்கள் சொன்ன கதை. தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு என்று காணி வழக்குப் பேசியவர்களுக்குத் தெரியும். அவர் தன் நூலின் பெயரிலேயே அது பூர்த்தியாகாத தோம்பு என்று போட்டார். அது புத்தகமா, ஆவணமா, ஓவியக் கண்காட்சியா?

சரி, விழாவுக்கு வருகிறேன். கொழும்பில்தான் இதெல்லாம் முடியும் என்று பின்னால் யாரோ சொல்வது கேட்கிறது. ஒஸ்திரியாவில் ஆர்ஸ் எலக்ட்ரோனிகா என்ற விழா 1979 இல் தொடங்கியது தலைநகர் வியன்னாவில் இல்லை. உருக்காலைப் புகை மணக்கும் லின்ஸ் நகரில். முதல் வருசம் டான்யூப் ஆற்றங்கரையில் ப்ரூக்னர் என்ற இசையமைப்பாளரின் சிம்பொனியை ஒலிபெருக்கியில் விட்டு, ஊர்மக்களையும் தங்கள் றேடியோக்களை யன்னலில் வைக்கச் சொன்னார்கள். எங்கள் கோயில் திருவிழாவில் தெரு முழுக்கக் குழாய் கட்டுகிற ஒலிபெருக்கிக்காரருக்கு இதிலே புதுமை ஒன்றும் தெரியாது. பக்கத்திலே கொச்சியைப் பாருங்கள். 2012 இல் பியனாலே, அதாவது இரண்டு வருசத்துக்கு ஒருமுறை நடக்கிற கலைவிழா, தொடங்கினார்கள், 2014 இலிருந்து மாணவர்களுக்கென்றே தனியாக ஒன்றைச் சேர்த்தார்கள். பழைய பண்டசாலைகளில்தான் பெரும்பகுதி நடக்கிறது. பூட்டிக் கிடக்கும் அரிசி ஆலையும் தியேட்டரும் எங்களிடம் இல்லையா?

நான் கேட்பது சில சில்லறை விசயங்கள். பரிசு வேண்டாம், ஒருவருக்கும். வருகிற வெளிநாட்டு இளைஞர் மூன்று நாள் நின்று போகாமல் மூன்று கிழமையாவது நிற்கட்டும். அவர்களோடு எங்கள் பிள்ளைகளும் அதே மேசையில் வேலை செய்யட்டும். வயரிங் தெரிந்த ஒருவர், வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர், இருவருக்கும் கலைஞருக்குக் கொடுக்கிற அதே சம்பளம். கலைஞருக்குச் சம்பளம் கொடுப்பீர்கள்தானே? 'வாய்ப்புத் தருகிறோம்' என்று சொல்லிப் பஸ் காசுகூடக் கொடுக்காத மேடைகளை என் மாணவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். விளக்கக் குறிப்புகளை முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு மற்ற மொழிகளுக்குப் போகட்டும். கடற்காற்றில் உப்பு ஏறிக் கருவிகள் கெடும், அதற்கும் காசு ஒதுக்குங்கள். ஜெனரேற்றர் இரண்டு.

ஒன்றை மட்டும் கொஞ்சம் காரமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றதும் முள்ளுக்கம்பியும் எரிந்த புத்தகமும் எங்கே என்று தேடுகிற, விழாக்களுக்குப் படைப்புகளைத் தெரிவுசெய்கிற தெரிவாளர்கள் இருக்கிறார்கள். 1981 இல் நூலகம் எரிந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. மறக்கவும் வேண்டாம். ஆனால் இருபது வயதுப் பெடியன் ஒருவன், மாரிகாலத்துத் தவளைச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்து, அதை வாளித் தண்ணீரில் அதிர்வாக்கிக் காட்டப்போகிறேன் என்று வந்தால், "இதிலே போர் எங்கே?" என்று அவனைக் கேட்கக் கூடாது. அவன் அதை வைக்க விரும்பினால் தானாக வைப்பான். அம்மம்மா வறையிலிருந்து அந்த நாளுக்குப் போய்த் திரும்பி வந்தது மாதிரி.

மணியடித்துவிட்டார்கள். கேள்விகளுக்குப் பிறகு பின்னால் தேநீர் இருக்கிறது. தேநீர் மேசைக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் அந்தப் பெட்டியை வைத்திருக்கிறேன். செய்தவள் இப்போது கணக்காளர், பெட்டியை மட்டும் தந்துவிட்டாள். மூலை இன்னும் கொஞ்சம் சரிந்திருக்கிறது. கைப்பேசியைக் காலையிலேயே சார்ஜ் போட்டேன், ஏழு மணிவரை தாங்கும் என்று நினைக்கிறேன். இந்த மின்விசிறிச் சத்தத்துக்கு உடனே கேட்காது, காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். மூடியை மெதுவாகத் திறவுங்கள், ஓலை காய்ந்துபோய்விட்டது.