பதினாறு யூரோ கேஸும் மைனஸ் 4 டிகிரியும் | போர்வையத் திருடின மிக்சர்

ஹலோ மக்களே. குரல் கரகரன்னு இருக்கா? இருக்கும். நேத்து ராத்திரி நான் பொட்டுக்கூடத் தூங்கல. என் நாய் மிக்சர் தூங்கினான், என் போர்வையில.

பின்னாடி பாருங்க, கடல். தெக்கு ஸ்பெயின்ல, அல்மேரியாவத் தாண்டி காபோ தெ காத்தா பக்கம் இருக்கோம். பிப்ரவரி மாசம், அரைக்கை சட்டை. நேத்து இருந்த இருப்புக்கு இது சொர்க்கம். சரி, நேத்து கதையச் சொல்லிடறேன், இல்லன்னா வயித்தெரிச்சல் அடங்காது.

ஜெர்மனில இருந்து கிளம்பும்போது நான் தங்கிச் சுத்தற வண்டியில ரெண்டு சாம்பல் கலர் கேஸ் பாட்டில் இருந்துச்சுல்ல, 11 கிலோ ப்ரோப்பேன்? ரெண்டும் காலி. ஸ்பெயின்ல அதக் குடுத்தா மாத்தித் தரமாட்டாங்க. நாட்டுக்கு ஒரு பாட்டில், பாட்டிலுக்கு ஒரு வாய், வாய்க்கு ஒரு ரெகுலேட்டர். இத்தனை நாட்டுக்கும் சேத்து ஒரே நோட்டு அடிச்சாங்க, ஒரே கேஸ் வாய் வைக்க முடியல!

அதனாலதான் வாலென்சியாவுல ஆரஞ்சு கலர் பாட்டில் வாங்கினேன். 'பொம்போனா'ம்பாங்க, உள்ள 12.5 கிலோ. விலைய அரசாங்கமே கட்டுப்படுத்துது, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துவாங்க. எனக்கு கேஸுக்கு மட்டும் 16 யூரோ சொச்சம் ஆச்சு. போன வீடியோவுல அதத் தட்டித் தட்டிக் காமிச்சு பீத்திக்கிட்டேன்ல? 'பதினாறு யூரோவுல குளிர்காலம்'னு தலைப்பு வேற. அந்த வீடியோவ இப்பவே தூக்கிடலாமான்னு இருக்கு.

இருங்க, ரெகுலேட்டர் கதைய விட்டுட்டேன். பாட்டில் வாங்கியாச்சு, அதுல மாட்ட இந்த ஊர் ரெகுலேட்டர் வேணும்ல. மூணு ஊர்ல தேடி, கடைசியா ஒரு சின்ன இரும்புக்கடையில கிடைச்சுச்சு. கடைக்காரப் பாட்டிக்கு என் ஸ்பானிஷ் புரியல. வாயால "உஸ்ஸ்ஸ்"னு கேஸ் சத்தம் போட்டுக் காமிச்சேன். அடுத்த நிமிஷம் சரியான சாமானை எடுத்து மேஜையில வச்சாங்க. 12 யூரோ. இந்த ட்ரிப்லயே நான் ஜெயிச்ச ஒரே இடம் அதான்.

இப்ப நேத்து ராத்திரி. குவாதிக்ஸ்னு ஒரு ஊர், கிரானாடாவுக்குக் கிழக்க. கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல. சியெரா நெவாடா மலையோட பனி எதிர்லயே தெரியுது. சாயங்காலம் என்னமா இருந்துச்சு தெரியுமா! ராத்திரி ரெண்டு மணிக்கு ஹீட்டர் டிக் டிக்னு நாலு தடவை பத்திப் பாத்துச்சு, சிவப்பு லைட்டப் போட்டுட்டுப் படுத்துக்கிச்சு. வெளிய மைனஸ் 4. பாட்டிலை ஆட்டிப் பாத்தா தளக் தளக்னு இருக்கு. முக்கால்வாசி கேஸ் உள்ளயே இருக்கு, வெளிய வரமாட்டேங்குது.

ஏன்னா அது ப்யூட்டேன். ப்யூட்டேன் கிட்டத்தட்ட ஜீரோ டிகிரியிலதான் கொதிக்கும். அதுக்குக் கீழ போனா உள்ள வெறும் தண்ணி மாதிரி கிடக்கும், ஆவியே ஆகாது. ப்ரோப்பேன்னா மைனஸ் 42 வரைக்கும் தாங்கும். சாம்பல் பாட்டில் மூணு குளிர்காலம் ஒழுங்கா உழைச்சதோட ரகசியம் இதான். கேஸ் காத்தைவிட கனம்ங்கறதால, கசிஞ்சா கீழ இறங்கிப் போகட்டும்னு வண்டியில பாட்டில் வைக்கற பெட்டியோட அடியில ஓட்டை போட்டிருப்பாங்க. பாதுகாப்புக்குத்தான், நல்லதுதான். ஆனா அந்த ஓட்டை வழியா குளிர் நேரா பாட்டில் மேலதான் அடிக்குது. சரி, வெந்நீர் வச்சு ஊத்தலாம்னு அடுப்புகிட்டப் போய் நின்னேன். நின்னப்புறம்தான் உறைச்சுச்சு, அடுப்புக்கும் அதே பாட்டில்தான்னு. சிரிக்காதீங்க.

இன்னொரு கொடுமை கேளுங்க. குவாதிக்ஸ்ல சுமார் 2,000 குகை வீடு இருக்கு. மண்மேட்டுல இருந்து வெள்ளையடிச்ச புகைபோக்கி மட்டும் காளான் மாதிரி எட்டிப் பாக்கும். உள்ள வருஷம் பூரா 18, 20 டிகிரி. அதாவது என் சக்கரத்துக்குப் பக்கத்துல, மண்ணுக்கு அடியில, ஊரே கதகதன்னு தூங்குது. மேல நான் ரெண்டு சாக்ஸ், ஒரு குல்லா, பக்கத்துல 23 கிலோ நாய். நாய் சூடா இருக்கும்னு யார் சொன்னது? இருக்கும், ஆனா அந்தச் சூட்டை எனக்குத் தரமாட்டான். உருண்டையா சுருண்டு, போர்வைய இழுத்து, மூஞ்சில பின்னங்காலை வச்சுக்கிட்டான்.

காலையில என்னோட காபி கிடையாது. அதச் சொல்லும்போதுதான் அழுகை வருது. ஃபில்டர்ல பொடி போட்டு ரெடியா வச்சிருந்தேன்! பெட்ரோல் பங்க்ல குடிச்சேன். இங்க சில இடத்துல சக்கரை போட்டுக் கருக வறுத்த கொட்டைய கலந்து விப்பாங்க, 'மெத்க்லா'ன்னு. மன்னிச்சிடுங்க, எனக்கு அது அடிப்பிடிச்ச பால்பாயசம்.

அதுக்கப்புறம் ஒரே யோசனை, கீழ இறங்கு. A-92 நெடுஞ்சாலையில சுமார் 110 கிலோமீட்டர், தபெர்னாஸ் பாலைவனத்தைத் தாண்டி கடலுக்கு. சாயங்காலம் அடுப்பைத் திருகினேன், நீலமா பத்துச்சு. அதே பாட்டில். நான் கைதட்டினேன், மிக்சர் குரைச்சான்.

அய்யோ, முக்கியமானத மறந்துட்டேன். வழியில ஒரு பைன் மரத்தோப்புல நிறுத்தினேன். மரத்து உச்சியில வெள்ளை வெள்ளையா பஞ்சுமிட்டாய் மாதிரி கூடு. கீழ பாத்தா கம்பளிப்பூச்சி, ஒண்ணோட வாலை ஒண்ணு தொட்டுக்கிட்டு, ரெண்டு மீட்டர் நீளத்துக்கு ரயில் மாதிரி ஊருது. மிக்சர் மூக்கை நீட்டினான். நான் கத்தின கத்துல அவன் ஒரு அடி பின்னாடி குதிச்சான். அந்தக் கம்பளிப்பூச்சியோட முடி பட்டாலே விஷம். நாய் நக்கினா நாக்கு வீங்கும், நாக்கோட ஒரு பகுதியே அழுகி விழலாம். இந்த மாசங்கள்ல நாயோட தெக்கு ஐரோப்பா வர்றவங்க, பைன் மரம்னா அண்ணாந்து பாருங்க. பட்டுட்டா தேய்க்கக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணிய ஊத்திக் கழுவிட்டு அப்படியே டாக்டர்கிட்ட ஓடணும். இனிமே எனக்கு பைன் நிழலே வேணாம். வெயில்ல வேணா கருகிக்கறேன்.

இங்க நேச்சர் பார்க் உள்ள ராத்திரி வண்டிய நிறுத்தக் கூடாது. அதனால வெளிய காசு குடுத்து ஒரு இடத்துல இருக்கேன். இங்க 11 கிலோ ப்ரோப்பேன் பாட்டிலும் விக்கறாங்க, அத எடுக்கறதுக்கு முன்னாடி மலை ஏறமாட்டேன். சத்தியம்.

இருங்க, காபி பொங்குது... டேய் மிக்சர்! அது பூநாரைடா, கோழி இல்ல! வாடா இங்க...