பியானோவில் வேகம்: மோதிர விரலோடு மல்லுக்கட்டாதீங்க

[காட்சி: மேஜை மேல வலது கை, நெருக்கத்தில்]

நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, கையை மேஜை மேல வைங்க. மத்த விரல் நுனிகள் மேஜையைத் தொடட்டும். இப்போ மோதிர விரலைத் தூக்குங்க. எழும்பவே மாட்டேங்குதா? பயிற்சி போதாதுன்னு நினைச்சுக்காதீங்க. விரலைத் தூக்குற தசை முன்கையில இருக்கு. அங்கிருந்து வர்ற தசைநாண்கள் புறங்கையில ஒண்ணோடொண்ணு இணைஞ்சிருக்கு. நடுவிரல் மடங்கினா பக்கத்து விரலும் மாட்டிக்கும். எத்தனை வருஷம் வாசிச்சாலும் அந்த இணைப்பு அப்படியேதான் இருக்கும்.

பிரெஞ்சு பியானோ ஆசிரியர் ஹானோன் 1873-ல வெளியிட்ட 60 பயிற்சிகள்ல, விரல்களை நல்லா உயர்த்தி வாசிக்கச் சொல்றார். மெதுவா வாசிக்கும்போது சரி. வேகத்துல அதுவே முன்கையை இறுக்கிடும். கீ இறங்குறதே சுமார் 10 மில்லிமீட்டர்தான். அதுக்கு எதுக்கு விரலை அவ்வளவு உயரம் தூக்கணும்?

[காட்சி: கீபோர்டு, பக்கவாட்டில்]

விரல் நுனி கீயைத் தொட்டபடியே இருக்கட்டும். சத்தம் வந்ததும் அழுத்தத்தை விட்டுடுங்க, கீயே விரலை மேலே தள்ளும். மோதிர விரல் வரும்போது முன்கை சுண்டுவிரல் பக்கமா லேசா திரும்பணும், பூட்டுல சாவி திருப்புற மாதிரி. அந்த விரலுக்கு வேண்டிய பலம் அதுல கிடைச்சுடும்.

[காட்சி: சி மேஜர் ஸ்கேல், சி-லேருந்து மேல் சி வரை; விரல் எண்கள் 1-2-3-1-2-3-4-5 (1 கட்டை விரல், 5 சுண்டுவிரல்)]

மெட்ரோனோமை, அதாவது தாளம் தட்டுற கருவியை, நிமிஷத்துக்கு 60 பீட்ல வச்சு, பீட்டுக்கு நாலு நோட். கட்டை விரல் திரும்ப வர்ற நாலாவது நோட் எஃப் மட்டும் 'டொம்'னு தனியா விழுந்தா, கட்டை விரல் தாமதமா வருதுன்னு அர்த்தம். இரண்டாம் விரல் டி-யைத் தொடும்போதே கட்டை விரல் மத்த விரல்களுக்கு அடியில நகர ஆரம்பிக்கணும்.

மெட்ரோனோமை மட்டும் ஏத்திக்கிட்டே போனா ஒரு இடத்துல முட்டி நிக்கும். காரணம் இருக்கு: அதிவேகத்துல கட்டை விரல் அடியில நுழைய நேரமே இல்ல, கை மொத்தமா பக்கத்துல நகரணும். மெதுவா வாசிச்சு அந்த அசைவு வராது. அதனால 120-ல சி-டி-இ-எஃப்-ஜி, அஞ்சே நோட். ஜி-ல நின்னு தோள், மணிக்கட்டு தளர்ந்திருக்கான்னு பாருங்க. இறுகியிருந்தா மூணு நோட்டாக் குறைங்க. சுத்தமா வந்ததும் ஜி-லேருந்து மேல் சி வரைக்கும், அப்புறம் ரெண்டையும் சேர்த்து.

வலிச்சா உடனே நிறுத்துங்க. தாங்கிக்கிட்டு வாசிக்கவே கூடாது.

வெயிட்டட் கீ (நிஜ பியானோ மாதிரி கனமா அழுந்துற கீ) இல்லாத கீபோர்டா? லேசான கீ-ல கிடைக்குற வேகம் நிஜ பியானோவுல குறையும். நிஜ பியானோவுல 120-க்குப் பதிலா 100-லேருந்து ஆரம்பிங்க.