பேக் அடிச்சும் வராத பக்கத்தை எப்பிடி எடுக்கிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. ஒட்டுசுட்டானிலயிருந்து ஒரு ஐயா கேட்டிருக்கிறார்: "நெல்லுக்கு வாற நோய், பூச்சியளைப் பற்றிப் போனில பார்த்துக்கொண்டிருந்தனான். முதல் பார்த்த பக்கத்துக்குப் போக பேக் அடிச்சு அடிச்சுப் பார்க்கிறன், வரேல்லை. எங்க போட்டுது?"

ஐயா, பேக் நீங்கள் பார்த்த எல்லாத்தையும் வைச்சிருக்காது. இப்ப நோய், பூச்சிப் பெயருகள் இருக்கிற பட்டியல் பக்கத்தில நிக்கிறியள் எண்டு வைப்பம். எரிபந்தம் எண்ட நோயை அமத்திப் பார்த்தியள். பேக் அடிச்சுப் பட்டியலுக்கு வந்தியள். பிறகு தத்தி எண்ட பூச்சியை அமத்தினியள். அந்த அமத்தலோட எரிபந்தப் பக்கம் பேக்கின்ர வரிசையில இல்லாமல் போயிடும். இனி பேக் அடிச்சால் பட்டியல், அதுக்கு முதல் கூகிள், அவ்வளவுதான். தத்தியை அமத்த முதல் எண்டால் முன்னுக்குப் போற அம்புக்குறியால எடுத்திருக்கலாம்.

ஆனா ஹிஸ்ரறியில, அதாவது நீங்கள் பார்த்த பக்கங்களின்ர பதிவில கிடக்கும். குரோமில மேல மூண்டு புள்ளியை அமத்துங்கோ, அதுக்குள்ள ஹிஸ்ரறி இருக்கு. அங்க தேடேக்க ஒண்டைக் கவனியுங்கோ: பக்கத்தின்ர தலைப்பிலயும் முகவரியிலயும் உள்ள சொல்லைத்தான் அது தேடும், உள்ளுக்க எழுதியிருக்கிறதைத் தேடாது. அதால தளத்தின்ர பெயரை அடிச்சுப் பாருங்கோ. போனில 90 நாள்தான் வைச்சிருக்கும். மூண்டரை மாத நெல்லை விதைக்கேக்க பார்த்த பக்கத்தை வெட்டேக்க தேடினால் இராது. பேஸ்புக்குக்குள்ளேயே திறந்து பார்த்த பக்கமும், மறைநிலையில (இன்கொக்னிற்றோவில) பார்த்ததும் இதுக்குள்ள வராது.

சில பேர் திறந்த பக்கம் ஒண்டையும் மூடாமல் ராப் (tab) ராப்பா விட்டிருப்பினம். குரோமில 99ஐத் தாண்டினால் எண்ணிக்கை போய் ஒரு சிரிப்புக் குறிதான் தெரியும்! அது சேமிச்சு வைக்கிற மாதிரியில்லை. போனில மெமறி குறைஞ்சால் பழைய ராப்புகளை இறக்கி விட்டிடும். திரும்ப அங்க போனால் முதலிலயிருந்து லோட் ஆகும். வயலுக்க சிக்னல் இல்லையெண்டால் பக்கம் வராது.

வேணுமெண்ட பக்கத்தில நிக்கேக்கயே மூண்டு புள்ளியை அமத்தி நட்சத்திரத்தைத் தட்டிப் புக்மார்க்காச் சேமிச்சு, பெயரையும் 'எரிபந்தம்' எண்டு மாத்தி விடுங்கோ. வயலுக்க பார்க்கிறதெண்டால் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில கீழ நோக்கின அம்புக்குறி இருக்கு, வீட்டில சிக்னல் இருக்கேக்க அதைத் தட்டுங்கோ. பக்கம் முழுக்க 'டவுன்லோட்ஸ்' எண்ட இடத்தில நிண்டிடும், டேட்டா இல்லாமலும் திறக்கும். ஆனா எடுத்த நாளில இருந்த படியேதான் இருக்கும். மருந்தளவைத் தளத்தில திருத்தினாலும் இதில மாறாது, அடுத்த போகத்துக்குப் புதுசா எடுங்கோ.