குறைந்த செலவில் மாமல்லபுரம்: ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள்

வணக்கம் மக்களே! மாமல்லபுரம் போனாலே பர்ஸ் காலி என்று நம் சென்னையில் நிறையப் பேர் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துப் போய், ஈசிஆரில் பெரிய ஹோட்டலில் சாப்பிட்டு, உச்சி வெயிலில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினால் காசும் போகும், ஊரையும் பார்த்திருக்க மாட்டீர்கள். வார நாளில் போங்கள், பஸ்ஸில் போங்கள், ஒரு ராத்திரி தங்குங்கள். நான் இப்போது சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன். அங்கே எடுத்த காட்சிகள் நடுநடுவே வரும்.

திருவான்மியூரில் பஸ் ஏறினேன். டிக்கெட் நூறு ரூபாயைத் தாண்டாது. கால் டாக்ஸி என்றால் ஒரு வழிக்கே ஆயிரத்துக்கு மேல் ஆகிவிடும். இடது பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள், முட்டுக்காடு பாலத்தில் கழிமுகம் நன்றாகத் தெரியும். ஏறும்போதே கண்டக்டரிடம் "ஊருக்குள்ளே போகுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாண்டிச்சேரி போகும் வண்டிகள் சில பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டோ.

ரூமுக்கு ஒத்தவாடைத் தெரு. வெளிநாட்டுப் பயணிகள் பல வருஷமாக வந்து தங்கும் தெரு அது, சின்னச் சின்ன லாட்ஜுகள் வரிசையாக இருக்கும். நான் எடுத்த ஃபேன் ரூம் ஆயிரத்துக்குள் முடிந்தது. டிசம்பர், ஜனவரியிலும் சனி ஞாயிறுகளிலும் அந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டம்.

சரி, ஏன் தங்கச் சொல்கிறேன்? காலை ஆறு மணிக்குக் கடற்கரைக் கோயில் திறந்துவிடும். அந்த நேரத்துக்குச் சென்னையிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேர்வது சிரமம். டிக்கெட் 40 ரூபாய், அதை வைத்தே பாறையில் தேர் போலச் செதுக்கிய ஐந்து ரதங்களையும் பார்க்கலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய கோயில் இது. ஆயிரத்து முந்நூறு வருஷ உப்புக்காற்றில் சிற்பங்களின் முகமெல்லாம் தேய்ந்திருக்கிறது. இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார், பல பேர் பார்க்காமலேயே வந்துவிடுகிறார்கள். உள்ளே நடந்து போய்ப் பாருங்கள்.

அங்கிருந்து நேராக அர்ச்சுனன் தபசு, பெரிய பாறையில் செதுக்கிய சிற்பத் தொகுதி. அந்தப் பாறை கிழக்கே பார்த்து நிற்பதால் காலை வெயில் அப்படியே அதன் மேல் விழும். ரோட்டில் நின்றே பார்க்கலாம். இங்கே நான் ரொம்ப நேரம் நின்றேன். ஸ்க்ரீனில் பாருங்கள், பெரிய யானைக்குப் பக்கத்தில், தந்தத்துக்குக் கீழே, ஒரு பூனை பின்னங்காலில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. விலா எலும்பு கூடத் தெரிகிறது. காலடியில் எலிகள். அத்தனை தேவர்களுக்கும் முனிவர்களுக்கும் நடுவே இந்தப் பூனைக்கு இடம் ஒதுக்கின சிற்பியை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடத்தை நாம் டீ குடித்துக்கொண்டே இலவசமாகப் பார்க்கிறோம், மக்களே!

ஐந்து ரதங்களுக்கு நடந்தே போனேன். உள்ளே நுழைந்ததும் நகுல சகதேவ ரதத்தின் பின்பக்கம் தெரியும், பக்கத்திலேயே ஒற்றைக்கல் யானையின் பின்பக்கம். இரண்டிலும் வளைவு ஒன்றுதான். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது அடிப்பகுதிகள் முடியாமல் நிற்பதைப் பார்த்தாலே விளங்கும்.

போகிற வழியெல்லாம் சிற்பப் பட்டறைகள், உளிச் சத்தம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அங்கீகாரம், இருக்கிறது. ஒரு பட்டறையில் ஒரு அண்ணன் பிள்ளையாரின் தும்பிக்கை மடிப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு தட்டு, வாயால் ஊதித் தூசியைத் தள்ளுவது, விரலால் தடவிப் பார்ப்பது, மறுபடி ஒரு தட்டு. வாங்கும்போது கருங்கல்லா மாக்கல்லா என்று கேளுங்கள். மாக்கல்லில் நகம் பட்டாலே கீறல் விழும், விலையும் குறைவு. ரூமிலும் வண்டியிலும் மிச்சம் பிடித்த காசை இங்கே செலவு செய்யுங்கள். செய்தவரிடமே வாங்குங்கள், தயவுசெய்து அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி, மதியம் அளவுச் சாப்பாடு, சாயங்காலம் கடற்கரையில் மீன் வறுவல். ஒரு கடையில் விலை சொல்லாமலே சங்கரா மீனை எண்ணெயில் போட்டுவிட்டு, அப்புறம் இரண்டு மடங்கு கேட்டார்கள். பொரிப்பதற்கு முன்னாடியே விலையைப் பேசிவிடுங்கள். நெத்திலி வாங்கினால் மலிவு, மொறுமொறுவென்று நன்றாகவும் இருக்கும்.

ஒரு முக்கியமான விஷயம். அந்தக் கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் இழுப்பு பலமானது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே உயிரை விட்டிருக்கிறார்கள். கால் நனைத்தால் போதும், குழந்தைகளைக் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டிலேயே ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும். அடுத்தது தரங்கம்பாடி போகிறேன். அங்கே குறைந்த வாடகைக்கு நல்ல ரூம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.