பதினோரு நோட்டும் ஒரு ஹாலும்: வீட்டுல டிசம்பர் சீசன் வைக்கிறது எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்ததுல மூணு கேள்வி எடுத்து வெச்சிருந்தேன். முதல் கேள்வியே இன்னைக்கு நேரம் பூரா எடுத்துக்கும்னு தோணுது. நாலு நாளா அது மனசுலயே ஓடிக்கிட்டு இருக்கு.

கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. படிக்கிறேன். "எங்க மாமனாருக்கு 84 வயசு. முப்பது வருஷத்துக்கு மேல ஒவ்வொரு டிசம்பரும் லீவு போட்டுட்டு மெட்ராஸ் போய் சீசன் கச்சேரியெல்லாம் கேட்டுட்டு வருவார். இப்ப முட்டி முடியல, ரயில் ஏற முடியாது. இந்த வருஷம் சீசனை வீட்டுக்கே கொண்டுவந்துடலாம்னு பிள்ளைங்க எல்லாம் ஆசைப்படறாங்க. பார்ட்டி மாதிரி பண்ணலாம்னு இருக்கோம். முப்பது பேர் வருவாங்க. வாசல்ல சபா பேர் போட்ட பேனர், டிக்கெட், கேன்டீன் எல்லாம் யோசிச்சாச்சு. ஹால் 22 அடிக்கு 14 அடி, மொட்டை மாடியும் இருக்கு. எதுல வைக்கலாம்? ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் வாடகைக்கு எடுக்கணும்?"

கடைசியில ஒரு வரி. "அவர் கேட்ட கச்சேரி எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சிருக்கார். பதினோரு நோட்டு இருக்கு."

அம்மா, நீங்க ஸ்பீக்கரைக் கேட்டிருக்கீங்க. எனக்கு அந்தப் பதினோரு நோட்டை விட்டு நகர முடியல. அதுக்கு வர்றேன். முதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லிடறேன்.

ஸ்பீக்கர் வேண்டாம். ஒரு வாட்ஸ்கூட வேண்டாம். மைக்கும் வேண்டாம்.

ரொம்ப நாளா பாக்கறவங்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லுவேன்னு தெரியும். அறைதான் முதல் வாத்தியம். சுருதி கொடுக்கிற தம்புராவுக்கும் முன்னாடி அறை. 22 அடிக்கு 14 அடி, அதுல முப்பது பேர், பாட்டு, வயலின், மிருதங்கம். இந்த மூணு பேரோட சத்தம் அந்த அறைக்குத் தாராளம். கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவருக்கும் பாடறவருக்கும் நடுவுல இருபதடிகூட இல்லை. பாடறவர் மூச்சு எடுக்கிறதுகூட கேக்கும். எந்த சபாவுலயும் உங்க மாமனாருக்கு அது கிடைச்சிருக்காது.

ஒரு சம்பவம் சொல்றேன். நான் மிருதங்கம் வாசிக்கிறவன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு கிரகப்பிரவேசத்துக்கு வாசிக்கப் போயிருந்தேன். உங்க ஹாலைவிடச் சின்ன ஹால். ஆள் உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவந்து நிறுத்தியிருந்தாங்க. வயலின்காரர் வில்லை வெச்ச உடனே ஊளை. நான் தொப்பியை, அதான் மிருதங்கத்தோட இடது பக்கத்தை, தட்டினா ஜன்னல் கண்ணாடி அதிருது. ரெண்டாவது பாட்டுக்குள்ள பாதிப் பேர் பால்கனிக்குப் போயாச்சு. முன்னாடி ஒரு பாட்டி, பாவம், மரியாதைக்காக எழுந்திரிக்காம முந்தானையால காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மூணாவது பாட்டு நடுவுல கரண்ட் போச்சு. பாடின அம்மா நிறுத்தல, அப்படியே பாடினாங்க. ஃபேன் இல்லை, பெட்டி இல்லை, குரல் மட்டும். ஒவ்வொருத்தரா பால்கனியிலேர்ந்து உள்ள வந்து தரையில உக்காந்தாங்க. அந்தப் பாட்டியும் கையை எடுத்துட்டாங்க. கரண்ட் திரும்ப வந்தப்போ வீட்டுக்காரரே போய் ஆம்ப்ளிஃபயரை அணைச்சார். அதுக்கப்புறம் வாசிச்ச ஒரு மணி நேரம் எனக்கு இன்னும் கையில இருக்கு.

அதனால அறையைத் தயார் பண்ணுங்க. ஹால் நடுவுல நின்னு ஒரே ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. தட்டினது அங்கயே நின்னா நல்லது. சத்தத்துக்குப் பின்னாடி ஒரு வால் நீண்டுச்சுன்னா, டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் பேசுதுன்னு அர்த்தம். ஜமுக்காளம் விரிங்க. உங்க ஊருக்குப் பக்கத்துலயே பவானி இருக்கு, அந்தக் கெட்டி ஜமுக்காளம் ரெண்டு போதும். ஜன்னலுக்குத் துணித் திரை போடுங்க. இடம் வேணும்னு சோபாவையும் புத்தக அலமாரியையும் வெளிய தூக்கிப் போட்டுடாதீங்க, பின்சுவரோரம் தள்ளி வைங்க, அதெல்லாம் எதிரொலியைக் குடிக்கும். முப்பது பேர் வந்து உக்காந்தா மிச்சம் வாலும் போயிடும். ஃப்ரிட்ஜ் ஹால்லயே இருந்தா அந்த ரெண்டு மணி நேரம் அணைச்சு வைங்க. குக்கர், மிக்ஸி வேலையெல்லாம் முன்னாடியே முடிஞ்சிருக்கணும். ராகத்தை விரிச்சுப் பாடற ஆலாபனை நடுவுல விசில் வந்தா பாடறவருக்கு அந்த இழை திரும்பக் கிடைக்காது.

மொட்டை மாடி வேண்டாம். மார்கழிப் பனி குரலுக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. ஈரம் பட்டா மிருதங்கத் தோல் தளரும், சுருதி இறங்கிக்கிட்டே இருக்கும், தட்டித் தட்டி ஏத்திக்கிட்டே இருக்கணும். ஏசி போடறதா இருந்தா ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டு ஒரே அளவுல விட்டுடுங்க. நடுவுல கூட்டிக் குறைக்காதீங்க.

வாத்தியக்காரங்களைக் கூப்பிடும்போது ஒண்ணு மறக்காம கேளுங்க. பாடறவருக்கு எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதி? ஆம்பளைக் குரல்னா ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை பக்கம் இருக்கும், பெண்குரல்னா பெரும்பாலும் அஞ்சு, அஞ்சரை. மிருதங்கக்காரருக்கு அதை முன்னாடியே சொல்லணும். ஒவ்வொரு சுருதிக்கும் வேற வேற மிருதங்கம், வந்து இறங்கினப்புறம் சொன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. அவர் இடதுகைக்காரரான்னும் கேட்டுக்கோங்க. வலந்தலை, அதாவது நடுவுல கறுப்பு வட்டம் இருக்கிற பக்கம், கேக்கறவங்களைப் பாத்து இருக்கணும், அதனால இடதுகைக்காரர்னா அவரும் வயலினும் பக்கம் மாத்தி உக்காரணும். மிருதங்க வித்வான் பழநி சுப்ரமணிய பிள்ளை இடதுகைக்காரர். அவ்வளவு பெரிய வித்வானுக்கே மேடையில அது ஒரு விஷயமா இருந்தது. அப்புறம் தொப்பிக்குப் போட ஒரு சின்னக் கிண்ணத்துல ரவை, கொஞ்சம் தண்ணி, கை துடைக்கத் துணி. கொண்டுவருவார், இருந்தாலும் நீங்க எடுத்து வெச்சிருந்தா அவருக்கு மனசு நிறையும். சம்பாவனையைப் பேசிக்கிட்டபடி கவர்ல போட்டுத் தாம்பூலத்தோட சாப்பாட்டுக்கு முன்னாடியே கொடுத்துடுங்க. தெரிஞ்ச பசங்கதானேன்னு குறைக்காதீங்க.

தம்புரா. மைக் இல்லாத அறையில தம்புரா முழுசா கேக்கும், அது ஒரு பாக்கியம். எலக்ட்ரானிக் பெட்டி வெச்சாலும் தப்பில்லை. ஆனா பேத்தி யாராவது இருந்தா நிஜத் தம்புரா மீட்டச் சொல்லுங்க. நாலு தந்தி. முதல் தந்தி 'ப', அதாவது பஞ்சமம், அதுக்கு நடுவிரல், மிச்சம் மூணுக்கும் ஆள்காட்டி விரல். ஒரு வாரம் உக்காந்தா நிதானம் வந்துடும். தாத்தா கேக்கற கச்சேரியில பேத்தி தம்புரா போடறா. இதுக்கு மேல என்ன அலங்காரம் வேணும்?

அலங்காரம்னு சொன்னதும், பேனர் போடுங்க, வாசல்ல பெரிய கோலம், ரெண்டு வாழை. அது பிள்ளைங்க பாத்துப்பாங்க.

கேன்டீன் வேணும். சீசன்னா அதுவும் சேர்ந்ததுதான். அடை அவியல், கீரை வடை, கொஞ்சம் காசி அல்வா, டிகிரி காப்பி. பட்டியல் நீளமா வேண்டாம், சுடச்சுட வேணும். ஆனா ஒரு வேண்டுகோள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். தனி ஆவர்த்தனத்துக்கு, அதாவது மிருதங்கம் தனியா வாசிக்கிற நேரத்துல, வடை எடுத்துக்கிட்டு வராதீங்க. தனி ஆரம்பிச்சா எழுந்து கேன்டீன் போறதுன்னு ஒரு வழக்கம் சபாவுல ஊறிப் போச்சு. எத்தனை ஹால்ல முதுகைப் பாத்துக்கிட்டே வாசிச்சிருக்கேன்! வீட்டுலயாவது அது மாறட்டும். முதல் நாளே குழந்தைங்களுக்கு ஆதி தாளம் போடச் சொல்லிக் கொடுங்க. ஒரு தட்டு, மூணு விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மொத்தம் எட்டு எண்ணிக்கை. முப்பது பேரும் தாளம் போட்டா பத்து நிமிஷத் தனியில ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்க. தனியை முடிக்கிற கோர்வை வந்து எல்லா கையும் ஒண்ணா சமத்துல, தாளத்தோட முதல் தட்டுல, விழும் பாருங்க, அதுதான் அன்னைக்குக் கொண்டாட்டம். காப்பி, கச்சேரியை முடிக்கிற மங்களத்துக்கு அப்புறம்.

இப்ப நோட்டுக்கு வர்றேன்.

"என்ன பாடச் சொல்லலாம்?"னு நீங்க கேட்டிருப்பீங்கன்னு எதிர்பாத்தேன். கேக்கல. ஆனா பதில் உங்க வீட்டு அலமாரியிலயே இருக்கு. இந்த நோட்டு எழுதற ரசிகர்களை எனக்கு நல்லா தெரியும். முன்வரிசை ஓரத்துல உக்காந்திருப்பாங்க. தேதி, சபா, பாட்டு யார், வயலின் யார், மிருதங்கம் யார், அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு உருப்படி, அதாவது பாடின பாட்டு, பக்கத்துல ராகம். ராகம் பிடிபடலைன்னா ஒரு கேள்விக்குறி போட்டு, வெளிய வந்து யாரையாவது கேட்டு அடிச்சு எழுதுவாங்க. சில இடத்துல ஓரமா "இன்னைக்கு கல்யாணி" அப்படின்னு மட்டும் இருக்கும். அன்னைக்கு என்னமோ நடந்திருக்குன்னு அர்த்தம்.

அதுல ஒரு பக்கத்தை அவரையே எடுக்கச் சொல்லுங்க. ரகசியமா திட்டம் போடாதீங்க, அந்தத் தேடறதே அவருக்குப் பாதி சீசன். எந்த வருஷம், எந்தச் சாயங்காலம் திரும்ப வேணும்னு கேளுங்க. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மூணு வாரம் முன்னாடியே பாடறவருக்கு அனுப்புங்க. அதே வரிசையில, வர்ணத்துலேர்ந்து மங்களம் வரைக்கும், அந்தக் கச்சேரியை உங்க ஹால்ல பாடச் சொல்லுங்க. ஒன்பது உருப்படியில அவருக்கு ஆறு பாடம் இருந்தா போதும், மிச்சத்துக்கு அதே ராகத்துல வேற பாட்டு பாடட்டும். வரிசை பெரும்பாலும் பொருந்தி வரும். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பரப்பின கச்சேரி வரிசையை, அந்தப் பத்ததியைத்தான் இன்னைக்கும் பாடறோம். முதல்ல வர்ணம், அப்புறம் விறுவிறுன்னு கீர்த்தனைகள், நடுவுல பெரிய உருப்படி, தனி, கடைசியில துக்கடான்னு சின்னப் பாட்டுகள். சபாவுல மூணு மணி நேரம் ஓடினதை ரெண்டு மணி நேரமா சுருக்கச் சொல்லுங்க. சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பிச்சா ஆறரைக்கு முடிஞ்சிடும், 84 வயசுக்கு அதுதான் சௌகரியம்.

காலையில இன்னொண்ணு வைங்க. மெட்ராஸ் மியூசிக் அகாடமியில சீசன் காலைகள்ல லெக்-டெம், அதாவது பாடிக் காட்டி விளக்கிப் பேசறது நடக்கும்ல, அந்த மாதிரி. 1927 டிசம்பர்ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மாநாடு நடந்தப்போ கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது, அதுலேர்ந்துதான் 1928-ல அகாடமி பிறந்தது. பாட்டைக் கேக்கறதோட பாட்டைப் பத்திப் பேசறதும் ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு. உங்க வீட்டு லெக்-டெம்மை மாமனார் பண்ணட்டும். இருபது நிமிஷம். நோட்டை மடியில வெச்சுக்கிட்டு அந்த நாள் எப்படி இருந்ததுன்னு சொல்லட்டும். எங்க தங்கினார், எந்த பஸ்ல போனார், டிக்கெட் கிடைச்சுதா, யார் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. பேரன் ஒருத்தன் போன்ல பதிவு பண்ணட்டும். சாயங்காலம் அதே உருப்படி வரும்போது அந்தக் குழந்தைங்களுக்கு அது தெரிஞ்ச பாட்டாயிடும்.

நோட்டுங்களைப் பார்ட்டிக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்துடுங்க. மேஜையில வைக்கிறதா இருந்தா ஜெராக்ஸை வைங்க. கேன்டீன் எண்ணெய்க் கை அதுல பட வேண்டாம்.

டிக்கெட் பத்தி எழுதியிருந்தீங்க. அடிங்க, எல்லாருக்கும் வரிசை நம்பர், சீட் நம்பர் போட்டு. அவருக்கு முன்வரிசை, ஓரம், எப்பவும் உக்காந்த மாதிரி. தரையில வேண்டாம், கை வெச்ச நாற்காலி, பாடறவர்கிட்டேர்ந்து ஆறேழு அடி. காதுக்கு மெஷின் போட்டிருக்காரான்னு நீங்க எழுதல. போட்டிருந்தா இப்பவே மெஷின் கொடுத்தவங்ககிட்ட போய், பாட்டு கேக்கறதுக்குன்னு தனி செட்டிங் இருக்கான்னு கேளுங்க. பேச்சுக்காகச் சரி பண்ணின மெஷின்ல தம்புராவும் வயலினும் கலங்கிக் கேக்கும். எந்தக் காது நல்லா கேக்குதுன்னும் அவரையே கேட்டுட்டு, அந்தக் காது பாடறவர் பக்கம் வர்ற ஓரத்துல நாற்காலியைப் போடுங்க. டிக்கெட் நம்பரை அதுக்கப்புறம் எழுதுங்க.