பேரன் சொன்னதை ஒத்துக்கொண்ட தாத்தா: ராஷியும் ரஷ்பாமும்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு யூத வேதத்துக்கு உரை எழுதிய ராஷியைப் பற்றிப் பேசப் போகிறேன். ரொம்ப நாளாகவே பேச ஆசைப்பட்ட ஆள்.

ரப்பி ஷ்லோமோ யிட்ஸ்ஹாக்கி என்பதுதான் முழுப்பெயர் (ரப்பி என்றால் யூத மதகுரு), அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ராஷி என்பார்கள். 1040 வாக்கில் பிரான்சில் ஷாம்பேன் பகுதியில் த்ருவா என்ற ஊரில் பிறந்தார், இளவயதில் ரைன் நதிக்கரையில் இருக்கிற மைன்ஸ், வோர்ம்ஸ் ஊர்களுக்குப் போய்ப் படித்தார், அப்புறம் சொந்த ஊருக்கே திரும்பி வந்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், 1105ல் இறந்தார். வாழ்க்கைக் கதை இந்த அளவுக்குப் போதும், அவர் எழுதிய உரைக்கு வருவோம். இன்றைக்கும் ஒரு யூதப் பிள்ளை தோராவை, அதாவது யூத வேதத்தின் முதல் ஐந்து புத்தகங்களை, படிக்க உட்கார்ந்தால் பெரும்பாலும் மூலத்தோடு சேர்த்து ராஷியையும் தான் படிக்கும். பழைய ரப்பிகளின் சட்ட விவாதங்கள் அடங்கிய தல்மூதைத் திறந்து பாருங்கள், பக்கத்தின் நடுவில் மூலம் இருக்கும், உள் ஓரத்தில் ராஷி, வெளி ஓரத்தில் அவருடைய பேரன்களும் அவர்கள் வழிவந்தவர்களும் ராஷியையே மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டு எழுதிய குறிப்புகள்.

எனக்கு ராஷி மேல் மரியாதை வந்த இடம் தோராவின் முதல் புத்தகமான ஆதியாகமம் 28ஆம் அதிகாரம், 5ஆம் வசனம். ஈசாக்கு தன் மகன் யாக்கோபை லாபானிடம் அனுப்பி வைக்கிறார். லாபான் யார் என்று சொல்லும்போது, ரெபெக்காளின் சகோதரன் என்று சொல்லி, அந்த ரெபெக்காள் யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் தாய் என்றும் வசனம் சேர்த்துச் சொல்கிறது. இது நமக்கு முன்னாடியே தெரியுமே, இத்தனை நேரம் ஓடியதே அந்தக் குடும்பத்தின் கதைதானே? தோராவில் ஒரு சொல் கூட வீணாக வராது என்பது அந்த மரபின் நம்பிக்கை, அதனால் எதற்காகத் திரும்பச் சொல்கிறது என்று காரணம் காட்ட வேண்டியது உரை எழுதுகிறவரின் வேலை. ராஷி அங்கே என்ன எழுதுகிறார் தெரியுமா? இது நமக்கு என்ன கற்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. எல்லா வசனத்துக்கும் அவர் உரை எழுதவில்லை, பேசாமல் அடுத்த வசனத்துக்குப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் இங்கே ஒரு கேள்வி இருக்கிறது, என்னிடம் பதில் இல்லை என்று படிக்கிறவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

சரி, பேரனுக்கு வருவோம். ராஷியின் மகள் யோக்கெவேதின் மகன் ஷ்முவேல், ரஷ்பாம் என்று சொல்வார்கள். தாத்தா இறக்கும்போது இவருக்கு 20 வயது வாக்கில் இருக்கும். ராஷி வசனத்தின் நேர்ப்பொருளையும் சொல்வார், அதோடு பழைய ரப்பிகள் சொல்லிவந்த மித்ராஷ் கதைகளில் வசனத்தோடு பொருந்துவதையும் எடுத்து வைப்பார். பேரனுக்கு அது போதவில்லை, நேர்ப்பொருள் மட்டும் தனியாக நிற்க வேண்டும் என்கிறார். யோசேப்பின் கதை ஆரம்பிக்கிற 37ஆம் அதிகாரத்தில், தன் உரைக்கு நடுவில், இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்: நான் தாத்தாவோடு நேருக்கு நேர் வாதம் செய்தேன், தினம் தினம் புதிதாகத் தெரியவருகிற நேர்ப்பொருளை வைத்து வேறு உரைகள் எழுதியிருக்க வேண்டும், எனக்கு நேரம் மட்டும் இருந்தால் எழுதுவேன் என்று அவரே என்னிடம் ஒத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய குரு, எதிரே நிற்பது இளவட்டப் பையன், அவன் சொல்வதைக் கேட்டுவிட்டு ஆமாம் என்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அந்தப் பேரன் எவ்வளவு தூரம் போனார் என்பதற்கு முதல் அதிகாரமே போதும். சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று என்று வருகிறது இல்லையா, யூதர்கள் நாளைச் சூரியன் மறைவதிலிருந்து கணக்கிட இதைத்தான் காட்டுவார்கள், ஓய்வு நாளும் அதனால்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலமே தொடங்குகிறது. ரஷ்பாம் என்ன சொல்கிறார் என்றால், முதலில் வெளிச்சம் இருந்தது, அது மங்கி சாயங்காலம் ஆனது, ராத்திரி கழிந்து விடிந்தது, அப்போதுதான் ஒரு நாள் முடிந்தது. அப்படிப் பார்த்தால் நாள் காலையில் அல்லவா தொடங்குகிறது! இவ்வளவு எழுதியவர் ஓய்வு நாள் சட்டத்தை உடைக்கச் சொன்னாரா என்றால் கிடையாது, அவரே சட்டம் தெரிந்த பெரிய ரப்பி, வெள்ளி சாயங்காலம் விளக்கேற்றுகிற வீட்டுக்காரர். சட்டம் சட்டப்படி நடக்கட்டும், வசனம் என்ன சொல்கிறதோ அதை மறைக்காமல் சொல்வேன் என்பதுதான் அவர் நிலை. இதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் பரவியது தாத்தாவின் உரை தான். 1475ல் இத்தாலியில் ரெஜ்ஜோ தி கலாப்ரியாவில் ராஷியின் தோரா உரையை அச்சிட்டார்கள், அச்சிட்ட தேதியோடு நமக்குக் கிடைக்கிற முதல் எபிரேயப் புத்தகமே அதுதான். பேரனின் தோரா உரை அச்சுக்கு வந்தது 1705ல், பெர்லினில்.

படித்துப் பார்க்க நினைக்கிறவர்கள் 37ஆம் அதிகாரத்திலிருந்து ஆரம்பியுங்கள், இரண்டு பேர் உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வசனம் வசனமாகப் போங்கள், எங்கே பேரன் முரண்டு பிடிக்கிறார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்த வீடியோவில் ஸ்பெயினிலிருந்து கிளம்பி ஊர் ஊராகச் சுற்றிய இன்னொரு உரையாசிரியர் இப்ன் எஸ்ராவைப் பார்க்கலாம்.